காஸ் டிவியும் நகராத அம்பயரும்

பிள்ளைகளே, கடைக்காரர் ஒரு பொருளைப் பற்றி விளக்கும்போது நாம் தலையாட்டுகிறோமே, அதில் இரண்டு வகை உண்டு. புரிந்து ஆட்டுவது ஒன்று. நமக்குப் புரியவில்லை என்பது அவருக்குப் புரிந்துவிடக் கூடாதே என்று ஆட்டுவது இன்னொன்று. இரண்டாவது வகையில் தலை கொஞ்சம் வேகமாக ஆடும். கவனித்துப் பாருங்கள்.

நான் மிக வேகமாகத் தலையாட்டிய கதை இது. பெரிய டிவி வாங்கப் போன கதை.

எனக்குச் சேலையூரில் மாவு மில். படிப்பு பத்தாவது வரை (பாஸா என்று யாரும் கேட்கக் கூடாது). கோதுமையைத் தொட்டுப் பார்த்தே ஈரம் சொல்லுவேன். அதற்கு மேல் என்னிடம் விஞ்ஞானம் கிடையாது. அந்தக் காலத்து டிவிக்கு முதுகு உண்டு. முன்னால் கண்ணாடி, பின்னால் ஆமைக்கு இருக்கிற மாதிரி ஒரு கூன். எங்கள் வீட்டிலும் அப்படி ஒன்று இருந்தது. சின்னதுதான். எங்களுக்கு அது போதும்.

என் மாமனாருக்குத்தான் போதவில்லை.

மாமனார் எலக்ட்ரிக் ட்ரெயின் ஓட்டி ரிடையர் ஆனவர். தாம்பரத்துக்கும் பீச் ஸ்டேஷனுக்கும் நடுவில் எத்தனை சிக்னலோ, அத்தனையையும் தூரத்திலிருந்தே பார்த்துப் பழகிய கண். அந்தக் கண்தான் கடைசியில் அவரைக் கைவிட்டது. "நரம்பு தளர்ந்துபோச்சு. இனிமே கண்ணாடி மாத்திப் பிரயோஜனம் இல்லை. எதையும் பெருசா, வெளிச்சமா காட்டுங்க, தெரியும்" என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அவருக்கு உலகத்தில் பிடித்தது இரண்டு. ஒன்று கிரிக்கெட். இன்னொன்று, கிரிக்கெட் பார்க்கும்போது மற்றவர்கள் பேசாமல் இருப்பது. எங்கள் வீட்டுக்கு வந்தால் டிவிக்கு மூக்கை முட்டிக்கொண்டு உட்காருவார். எங்களுக்கு அவருடைய பின்னந்தலைதான் மேட்ச். கொஞ்ச நாளில் அதுவும் நின்றுபோனது. ஒரு நாள் எல்லோரும் கைதட்டியபோது, "பவுண்டரியா, அவுட்டா?" என்று கேட்டார். சொன்னோம். எழுந்து போய் வாசலில் உட்கார்ந்துகொண்டார். அதற்கப்புறம் யார் மேட்ச் போட்டாலும், "எனக்கு இப்பல்லாம் கிரிக்கெட் போரடிக்குதும்மா" என்பார்.

என் மனைவி வசந்தா அன்றைக்கு மாவு சலித்துக்கொண்டே அழுதாள். "அப்பா பொய் சொல்றாருங்க. பந்து தெரியலைன்னு சொல்ல வெக்கப்படுறாரு. பெரிய டிவியா ஒண்ணு வாங்குங்க. அப்பா கண்ணுக்குப் பந்து தெரியணும். எனக்கு வேற ஒண்ணும் வேணாம்."

வீட்டில் கத்தரிக்காய் வாங்குவதற்குக்கூட என்னை அனுப்பாதவள் அவள். (ஒருமுறை முற்றியதாக வாங்கிவிட்டேன்.) இந்தப் பொறுப்பு என் கைக்கு வந்ததும் நெஞ்சு நிமிர்ந்தது. பெரிய டிவி என்றால் பெரிதாக ஒரு டிவி. அதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று நினைத்தேன்.

மறுநாள் மில்லில் வாயை விட்டேன். வேளச்சேரி ரோட்டிலிருந்து கேழ்வரகு அரைக்க வந்திருந்த காலேஜ் லேப் சார் கேட்டார்: "எல்சிடியா, பிளாஸ்மாவா?"

"பெரிசு சார்" என்றேன்.

"பெரிசுங்கறது சைஸ்பா. நான் கேக்குறது டெக்னாலஜி. பிளாஸ்மான்னா உள்ள காஸ். எல்சிடின்னா உள்ள லிக்விட். புரொஜக்‌ஷன்னு ஒண்ணு இருக்கு, அதுல உள்ள லைட்டு எரியும்."

வேகமாகத் தலையாட்டினேன். அவர் போனதும் யோசித்தேன். ஒன்றில் காஸ், ஒன்றில் தண்ணீர், ஒன்றில் விளக்கு. நான் வாங்கப் போவது டிவியா, சமையலறையா?

வசந்தாவிடம் சொன்னேன். "காஸா? நான் சாயங்காலம் விளக்கேத்துற எடத்துலயா காஸ் டிவி வைக்கப் போறீங்க?" என்றாள். எனக்கும் அதே கவலைதான். ஆனால் கவலையைக் காட்டினால் பொறுப்பு கையை விட்டுப் போய்விடும் அல்லவா. "அதுக்கெல்லாம் ரெகுலேட்டர் இருக்கும்" என்று சொல்லி வைத்தேன்.

வசந்தாவின் தம்பி முரளி வண்டலூரில் இருக்கிறான். மாமனாரும் அவனோடுதான். கம்ப்யூட்டர் கம்பெனிக்கு வேன் ஓட்டுகிறவன். ஆகவே கம்ப்யூட்டர் சம்பந்தப்பட்ட எல்லாமே தனக்குத் தெரியும் என்ற எண்ணம் உள்ளவன். போன் செய்தேன்.

"மச்சான், கண்ணை மூடிக்கினு எல்சிடி வாங்கு. எங்க கம்பெனில எல்லாமே எல்சிடிதான்."

"அவங்க கிரிக்கெட் பாக்குறாங்களா?"

"வேலை பாக்குறாங்க மச்சான்."

"உங்கப்பா பாக்கப்போறது பந்தைப்பா."

"பந்து இன்னா பந்து, வேலை செய்யறதுக்கே நல்லா கீதுன்னா வெளையாட்டுக்கு நல்லா இருக்காதா?"

யார் பேசினாலும் அவர் பேசுகிற நேரத்தில் அவர் சொல்வது சரியாகவே பட்டது. என் குணமே அப்படி. கடைசியில் ஒரு யோசனை வந்தது. நானே வியந்துபோன யோசனை. பார்க்கப் போவது யார்? மாமனார். அப்படியென்றால் தேர்ந்தெடுக்க வேண்டியது யாருடைய கண்? மாமனாரின் கண். மாமனாரைக் கூட்டிப்போனால் விஷயம் தெரிந்துவிடும், "எனக்காக எதுக்கு" என்பார். எங்கள் வீட்டில் அவர் மறந்து வைத்துவிட்டுப்போன பழைய கண்ணாடி ஒன்று இருந்தது. கண்ணாடி என்றால், சோடா பாட்டிலின் அடியை அறுத்துக் காதில் மாட்டிய மாதிரி இருக்கும். அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். அதை மாட்டினால் மாமனாருக்குத் தெரிவதுபோல் எனக்கும் தெரியும் என்பது என் கணக்கு. (சிரிக்காதீர்கள். உங்களுக்கும் அந்த வயதில் இப்படியொரு யோசனை வரும்.)

தாம்பரத்தில் ஜி.எஸ்.டி. ரோட்டு மேல் ஒரு பெரிய கடை. உள்ளே ஏசி. சுவர் முழுக்க டிவி. அத்தனை டிவியிலும் ஒரே மீன் ஒரே நேரத்தில் ஒரே பக்கம் திரும்பியது. டை கட்டிய தம்பி ஒருவர் வந்து, "சொல்லுங்க சார், எல்சிடியா, பிளாஸ்மாவா?" என்றார். அதே கேள்வி. இந்த ஊரில் எல்லோரும் பேசிவைத்துக்கொண்டிருக்கிறார்களா?

"கிரிக்கெட் பாக்க" என்றேன்.

"அப்ப பிளாஸ்மாதான் சார் பெஸ்ட். எல்சிடில பந்து வேகமாப் போனா பின்னாடி வால் மாதிரி இழுக்கும். பிளாஸ்மால இழுக்காது. எந்தப் பக்கம் உட்கார்ந்து பாத்தாலும் படம் ஒரே மாதிரி இருக்கும்."

"காஸ் தீர்ந்தா?"

"சார்?"

"இல்ல, உள்ள காஸ்னு சொன்னாங்க. தீர்ந்தா புக் பண்ணணுமா, நீங்களே வந்து மாத்துவீங்களா?"

அந்தத் தம்பி நல்ல குடும்பத்துப் பிள்ளை. சிரிக்கவில்லை. டையைச் சரிசெய்துகொண்டார். "தீராது சார். சீல் பண்ணது."

"அப்ப எல்சிடில தண்ணி ஒழுகுமா?"

"ஒழுகாது சார்."

நிம்மதியாக இருந்தது. இனி சோதனை. "ஒரு நிமிஷம் தம்பி" என்று சொல்லி மாமனாரின் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டேன்.

பிள்ளைகளே, நல்ல கண்ணுக்கு அந்தக் கண்ணாடியைப் போட்டால் என்ன ஆகும் என்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. கடை வளைந்தது. தரை என் முழங்கால் உயரத்துக்கு வந்தது. மீன்கள் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து ஒரே குழம்பாகிவிட்டன. எல்சிடி எது, பிளாஸ்மா எது, அந்தத் தம்பி எது என்றே தெரியவில்லை. தரையிலிருந்து காலைத் தூக்கி அடுத்த அடி வைத்தேன். அங்கே ஒரு வாஷிங் மிஷின் இருந்தது. அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றேன். பக்கத்தில் ஃபிரிட்ஜ் பார்த்துக்கொண்டிருந்த ஓர் அம்மா தன் குழந்தையை இழுத்து மறுபக்கம் நிறுத்திக்கொண்டார்.

அந்த நிலையில் இருக்கும்போதுதான் தம்பி முக்கியமான விஷயத்தைச் சொன்னார். "சார், பிளாஸ்மால ஒண்ணு மட்டும் பாத்துக்கங்க. ஒரே படத்தை ரொம்ப நேரம் அசையாம நிக்க விட்றாதீங்க. அதுவும் புதுசுல. அப்படியே பதிஞ்சுடும்."

வேகமாகத் தலையாட்டினேன். தலை ஆட ஆட வாஷிங் மிஷினும் ஆடியது. எனக்கு அப்போது வாந்தி வராமல் இருந்தால் போதும் என்று இருந்தது. வாஷிங் மிஷினை விடாமலே, "பிளாஸ்மாவே போடுங்க" என்றேன்.

இரண்டு பேர் டிவியைக் கொண்டுவந்து சுவரில் மாட்டிவிட்டுப் போனார்கள். எங்கள் ஹாலே சின்னதாகிவிட்டது. தெருவில் போகிறவர்கள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார்கள். ஞாயிற்றுக்கிழமை இந்தியா ஆடும் மேட்ச். அன்றைக்குத்தான் முரளி மாமனாரைக் கூட்டிவருவதாக ஏற்பாடு. அதற்கு இன்னும் மூன்று நாள் இருந்தது. சும்மா இருந்தேனா?

என் தொழில் புத்தி குறுக்கே வந்தது. மில்லில் தேய்ந்த அரைகல்லைக் கொத்திக் கூராக்கினால் உடனே வாடிக்கையாளர் அரிசியைப் போடமாட்டோம். மண் விழும். வீணாய்ப்போன அரிசியைப் போட்டுக் கொஞ்ச நேரம் சும்மா ஓடவிட்டுக் கல்லைப் பழக்குவோம். புது மோட்டாரும் அப்படித்தான். புது டிவி மட்டும் என்ன, வானத்திலிருந்து குதித்ததா? மாமனார் வருவதற்குள் நன்றாக ஓடவிட்டுப் பழக்கிவிட வேண்டும் என்று முடிவு செய்தேன்.

"ஓட விடுறதுதான் விடுறீங்க, மொதல்ல சாமியைப் போடுங்க" என்றாள் வசந்தா.

நியாயம்தானே. வீட்டில் ஒரு பக்திப் பாட்டு சிடி இருந்தது. அந்த மாதிரி சிடியை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். பாட்டு மாறிக்கொண்டே இருக்கும், படம் மாறாது. முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை ஒரே பிள்ளையார், கையில் கொழுக்கட்டையோடு உட்கார்ந்திருப்பார். அதைப் போட்டு, முடிந்தால் தானாகவே திரும்ப ஆரம்பிக்கிற மாதிரி அமுக்கிவிட்டேன். வெளிச்சத்தை முழுசாக வைத்தேன். வசந்தா டிவிக்குப் பொட்டு வைத்துப் பூ சார்த்தினாள். சத்தத்தைக் குறைத்துவிட்டு நான் மில்லுக்குப் போனேன். திரும்பி வந்தேன். பிள்ளையார் இருந்தார். தூங்கினோம். எழுந்தோம். பிள்ளையார் இருந்தார். அக்கம்பக்கத்து அக்காமார் வந்து கன்னத்தில் போட்டுக்கொண்டு போனார்கள். டிவி நன்றாகப் பழகிக்கொண்டிருக்கிறது என்று எனக்கு ஒரே பெருமை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சிடியை நிறுத்தி நியூஸ் போட்டேன்.

வசந்தா காபியோடு வந்து நின்றாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். "ஏங்க, நியூஸ் படிக்கிற பொண்ணுக்குத் தொப்பை எப்ப வந்துச்சு?"

பார்த்தேன். தொப்பை இருந்தது. காது இரண்டு பக்கமும் முறம் மாதிரி விரிந்திருந்தது. மூக்கிலிருந்து ஏதோ ஒன்று இறங்கி மைக்கைத் தாண்டிப் போனது. வெள்ளை வேட்டியில் கறையைத் துவைத்த பிறகும் ஒரு நிழல் நிற்குமே, அப்படி. சேனலை மாற்றினேன். சமையல் நிகழ்ச்சி. அடுப்புக்கு முன்னால் பிள்ளையார். அடுத்தது பாட்டு. நாயகனுக்கும் நாயகிக்கும் நடுவில் பிள்ளையார். ஈரத்துணியால் துடைத்தேன், காய்ந்த துணியால் துடைத்தேன். அணைத்துப் போட்டேன். அசையவில்லை. கடைக்குப் போன் செய்தேன். டை கட்டிய தம்பிதான் எடுத்தார்.

"சார், ஒரே படம் ரொம்ப நேரம் நின்னுச்சா?"

"கொஞ்ச நேரம்தான் தம்பி. வியாழக்கிழமையிலேர்ந்து."

அந்தப் பக்கம் பெருமூச்சு. "அது பதிஞ்சுபோச்சு சார். கொஞ்சம் மங்கலாம், ஆனா முழுசாப் போகாது. வாரண்டில வராது. என்ன படம் சார்?"

"பிள்ளையார்."

"சார், வேற எதுவும்னா வருத்தப்படலாம்" என்றார்.

வசந்தா என்னைத் திட்டியிருந்தால் பரவாயில்லை. "அப்பாவுக்குப் பந்து தெரியணும்னுதானே கேட்டேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

அந்த நேரம் பார்த்து வாசலில் ஆட்டோ வந்து நின்றது. முரளி அப்பாவின் கையைப் பிடித்து இறக்கினான். நான் ஓடிப்போய் முரளியை ஓரமாக இழுத்து விஷயத்தைச் சொன்னேன். உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு வந்தான்.

"இன்னா மச்சான் இது. நீ டிவி வாங்கினியா, கோயில் கட்டினியா?"

"வாயை மூடு. அவர்கிட்ட சொல்லிடாதே. எப்படியும் அவருக்கு அவ்வளவு மங்கலா இருக்கறது தெரியாது."

"அதான் அப்பவே சொன்னேன், எல்சிடி வாங்குன்னு."

மாமனாரை நாற்காலியில் உட்கார வைத்தோம். "எதுக்கு மாப்ள இவ்ளோ பெருசு? எனக்குத்தான் கிரிக்கெட்டே போரடிக்குதே" என்றார். ஆனால் முதுகை நாற்காலியில் சாய்க்கவில்லை. மேட்ச் ஆரம்பித்தது. அப்போதெல்லாம் கேபிளில் வருகிற படம் சதுரம். திரை நீளம். அதை இழுத்து நிரப்பியிருந்ததால் ஆட்டக்காரர்கள் எல்லோரும் இரண்டு வேளை சேர்த்துச் சாப்பிட்ட மாதிரி அகலமாக இருந்தார்கள். பச்சை மைதானத்தில் பிள்ளையார் முன்னைவிடத் தெளிவாகத் தெரிந்தார், சரியாக பிட்சுக்கு நடுவில்.

மாமனார் நாற்காலி நுனிக்கு வந்தார். ஒரு ஓவர் போனது. இன்னொரு ஓவர். அவருக்குப் பந்து தெரிகிறதா, இல்லையா? கேட்கவும் பயம். நாங்கள் மூன்று பேரும் டிவியைப் பார்க்காமல் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

மெதுவாகக் கையை நீட்டினார். "மாப்ள, யாரு அந்த அம்பயர்?"

"எந்த அம்பயர் மாமா?"

"அதோ, நடுவுல. குண்டா. பந்து அவர் மேலயே போகுது, நகரவே மாட்டேங்குறாரு."

முரளி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். அவன் முதுகு குலுங்கியது. வசந்தா என்னைப் பார்த்தாள். எனக்கு என்ன செய்வதென்றே தெரியவில்லை. அவருக்குக் கண் தெரிகிறதே என்று சந்தோஷப்படுவதா, அய்யோ தெரிந்துவிட்டதே என்று பயப்படுவதா?

"புதுசா வந்திருக்காரு மாமா" என்றேன்.

"எந்த ஊரு?"

"நம்ம... நம்ம பக்கம்தான்."

"அதான் உட்கார்ந்துட்டாரு. பரவால்ல, எந்தப் பக்கமும் சாயாத மனுஷன்." கொஞ்ச நேரம் பார்த்தார். "கையில என்ன, பந்தா? ரெண்டு பந்து வச்சா ஆடுறாங்க இப்பல்லாம்?"

"ஸ்பேர் மாமா."

ஓவர் முடிந்து விளம்பரம் வந்தது. சோப்பு விளம்பரம். ஒரு பெண் முகம் கழுவினாள். மாமனார் நிமிர்ந்தார். "இங்கயும் வந்துட்டாரே."

அதற்கு என்னிடம் பொய் இல்லை. மாமனார் எழுந்து டிவி கிட்டே போனார். திரையில் விரலை வைத்தார். அந்தக் காதிலிருந்து ஆரம்பித்து, மெதுவாக வளைத்து, தும்பிக்கை முடிகிற இடம் வரை விரலைக் கொண்டுபோனார். விரல் ஒரு இடத்திலும் தப்பவில்லை. பிறகு திரும்பினார்.

"பிள்ளையாரா?"

நடந்ததைச் சொன்னேன். கல் கொத்துகிற கணக்கு, சிடியை ஓடவிட்டது, எல்லாம். திட்டுவார் என்று குனிந்து நின்றேன். அவர் வசந்தாவைக் கூப்பிட்டார்.

"நீங்க யாரும் சொல்லலை இல்ல? நானே கண்டுபிடிச்சேன் பாத்தியாம்மா. நானே பாத்தேன்."

வசந்தா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "பந்து தெரியுதாப்பா?"

"பந்து தெரியாமலா அம்பயர் மேல படுதுன்னு சொன்னேன்? உட்காருங்க எல்லாரும். பேசாம பாருங்க."

அன்றைக்கு மத்தியானம்தான் அடுத்த சிக்கல். மாமனாருக்கு வஞ்சிரம் பிடிக்கும் என்று வசந்தா வறுத்து வைத்திருந்தாள். பிள்ளையார் எதிரில் மீன் எப்படிச் சாப்பிடுவது? தட்டை எடுத்துக்கொண்டு எல்லோரும் சமையலறைக்குப் போனோம். மாமனார் மட்டும் அசையவில்லை. "மேட்ச் நடக்கும்போது அவர் டூட்டில இருக்காரு. நம்ம தட்டைப் பாக்க மாட்டாரு. கொண்டாங்க இங்க" என்றார். அதுவே வீட்டுச் சட்டமானது. மேட்ச் ஓடினால் மீன். சீரியல் ஓடினால் சாம்பார்.

அடுத்த மாதமே மாமனார் வண்டலூரிலிருந்து பெட்டியோடு எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். முரளி சொந்தச் செலவில் எல்சிடி வாங்கி வைத்துப் பார்த்தான். "அதுல அம்பயர் இல்லப்பா" என்று சொல்லிவிட்டார். இந்தியா தோற்றால், "எல்லாம் அந்த ஆளு பண்ண வேலை" என்று திரையைப் பார்த்து முறைப்பார். ஜெயித்தால் வசந்தாவைக் கூப்பிட்டுத் தேங்காய் உடைக்கச் சொல்வார். டிவி பழுதாகிப்போன பிறகும் அதை எடைக்குப் போட யாருக்கும் கை வரவில்லை. மில்லில் ஒரு சுவரில் இன்றைக்கும் தொங்குகிறது. கரண்ட் இல்லை, படம் இல்லை. ஆனால் மாவு அரைக்க வருகிறவர்கள் சிலர், ஏன் என்று தெரியாமலே, செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வருகிறார்கள்.

எங்கள் குடும்பத்தில் பிறந்த எந்தக் குழந்தைக்கும் பிள்ளையார் என்று சொன்னால் உடனே தெரியாது. அம்பயர் என்றால்தான் தெரியும். சதுர்த்திக்கு, "அம்பயருக்கு எத்தனை கொழுக்கட்டை?" என்றுதான் வசந்தாவே கேட்கிறாள். போன வாரம் பேத்தியைக் கூட்டிக்கொண்டு தெருமுனைக் கோயிலுக்குப் போனேன். திரை விலகியதும் அவள் இரண்டு கைகளையும் தலைக்கு மேல் நேராகத் தூக்கிக்கொண்டு நின்றாள். பக்கத்தில் நின்ற ஒரு பெரியம்மா, "இந்த வயசுல என்ன பக்தி பாருங்க" என்று என்னிடம் சொல்லிக் கண் கலங்கினார்.

நான் வேகமாகத் தலையாட்டினேன். குழந்தை சிக்ஸர் கேட்டுக்கொண்டிருந்தாள்.